பையோடு நட்ட புங்கங்கன்று

உங்களுக்கும் பொன்னாடை போர்த்த வருவார்கள். இன்றைக்கே வந்துவிட மாட்டார்கள். வழிகாட்டி மேசையில் உட்கார்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகி, "அந்த சார் சொன்னா பசங்க அப்படியே கேப்பாங்க" என்று நாலு பேர் பேசத் தொடங்கியதும் வருவார்கள். கூடவே ஒரு மரக்கன்றும் வரும். சிரித்துக்கொண்டே வாங்கி நட்டுவிடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஜூன் மாதம் நம் பள்ளியின் மேற்படிப்பு வழிகாட்டி மேசையை நீங்கள் மூன்று பேரும் ஏற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை எந்தப் படிப்பில், எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்டு வந்தால் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. தாவரவியல் பாடம் நடத்திக்கொண்டே அந்த மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவன் நான். விண்ணப்பம் நிரப்புவது, கட்-ஆஃப் பார்ப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பயம். அதை நான் கடைசி வருடத்தில்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் பத்து வருடமும் பயமே இல்லாமல் இருந்தேன் என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

திண்டிவனம் போகிற சாலையில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். அவர்கள் இயற்கை வளப் பாதுகாப்பு என்று ஒரு பிஎஸ்சி படிப்பைப் புதிதாக ஆரம்பித்தபோது தொடக்க விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். கார் அனுப்பினார்கள். நான் அதுவரை கார் அனுப்பி யாரும் கூப்பிட்ட ஆள் இல்லை. பொன்னாடை போர்த்தி, பழத்தட்டு கொடுத்து, கடைசியில் வளாகத்தில் ஒரு புங்கங்கன்றை நடச் சொன்னார்கள். தோட்டக்காரர் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு கன்றை என் கையில் கொடுத்தார். "சார், கேமராவ பாருங்க" என்றார் புகைப்படக்காரர். பார்த்தேன். பார்த்தபடியே கன்றைப் பையோடு குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளினேன்.

பையைக் கிழிக்காமல் நட்டால் வேர் வெளியே போக முடியாது, உள்ளேயே சுருண்டு செத்துப் போகும் என்று ஒரு தாவரவியல் ஆசிரியனுக்குத் தெரியாதா? தெரியும். விழா முடிந்ததும் தோட்டக்காரர் எடுத்துச் சரியாக நடுவார் என்று நினைத்துக்கொண்டேன். மறு வாரம் அந்த இடத்தில் என் பெயர் எழுதிய பலகையை நட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடக் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் நான் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையேட்டை மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு காடு, பறவை, சுற்றுச்சூழல் என்று எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும் அந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். போய்ப் பார்த்தது தொடக்க விழா அன்று ஒரு நாள், அதுவும் மேடையிலிருந்து.

அபிராமி சேதராப்பட்டுப் பெண். அப்பா அங்கே ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா விஜயா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் பேக்கிங் வேலை. ஊசுட்டேரிப் பக்கமே வளர்ந்த பிள்ளை. எந்த மாதம் எந்தப் பறவை வரும், எந்த வருடம் வரவில்லை என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தாள். வனத்துறையில் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. மலையில் உள்ள ஓர் அரசுக் கல்லூரியில் இந்தப் படிப்புக்கு நம் யூனியன் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் உண்டு. அதற்கான கலந்தாய்வு இங்கேயே நடக்கும். முதல் சுற்றில் அவள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். இன்னொன்று என் பொன்னாடைக் கல்லூரி. அவர்கள் சீட்டு தீர்ந்துவிடும், உடனே சேருங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். அம்மாவும் மகளும் கல்லூரியைப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள்.

"எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டேன்.

அபிராமி தயங்கினாள். "பில்டிங் நல்லா இருக்குது சார். ஆனா கன்னெல்லாம் கவரோட நட்டு வெச்சிருக்காங்க சார். கிழிக்கவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்கயோ ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும். நானே ஒண்ணு நட்டிருக்கேன், பாத்தியா?"

"பாத்தேன் சார். உங்க பேர் போர்டு இருந்துச்சு." அதோடு கன்றுப் பேச்சை விட்டுவிட்டாள். "இந்தப் படிப்பு படிக்கிற அக்கா அண்ணன் யார்னா இருந்தா பேசிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

நான் அனுப்பிய பிள்ளைகள் நாலு பேர் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் போன் எண்ணும் என்னிடம் இல்லை. அனுப்பிய பிறகு ஒருவரையும் நான் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் கொஞ்சம் கோபப்பட்டேன். "நான் சொல்றேன் இல்ல? என் மேல நம்பிக்கை இல்லையா?"

விஜயா மகளின் தோளைத் தட்டினார். "சாரே சொல்றாரு, அப்புறம் இன்னாடி கேள்வி? மன்னிச்சுக்குங்க சார், சின்னப் புள்ள."

மறுநாள் அந்தக் கல்லூரியில் சேர்ந்து, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் கொடுத்துவிட்டு வந்தாள். அசலை வாங்கி வைத்துக்கொள்வது நம் பக்கத்துக் கல்லூரிகளில் எல்லோரும் செய்வதுதான் என்று நான் அதற்கும் சமாதானம் சொன்னேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை எட்டே முக்காலுக்கு, பள்ளி வாசலில் அம்மாவும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். விஜயாவின் முகத்தைப் பார்த்ததும் வண்டியை ஸ்டாண்டு போட மறந்துவிட்டேன்.

"சார், மலை காலேஜ்ல சீட்டு வந்துருச்சு சார். நேத்து மத்தியானமே மெசேஜ் வந்திருக்குது. வேலைக்குப் போனா செல்போன லாக்கர்ல வெச்சுருவாங்க, நான் ராத்திரிதான் பாத்தேன். இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஒரிஜினலோட வரணுமாம். இல்லன்னா அடுத்த புள்ளைக்குக் குடுத்துருவாங்களாம்."

பள்ளியில் சொல்லிவிட்டு அவர்களோடு பஸ் ஏறினேன். விஜயா கால் மணிக்கு ஒரு தரம், "குடுத்துருவாங்க இல்ல சார்?" என்று கேட்டார். "குடுத்துருவாங்கம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் மூன்று வருடத்தையும் அதற்குப் பின் உள்ளதையும் என் ஒரு வார்த்தையில் கட்டிப் போட்டிருக்கிறேன் என்பது அந்த பஸ்ஸில்தான் முதல் முறையாக உறைத்தது.

கல்லூரி அலுவலகத்தில் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி போட்டார்கள். காபி வந்தது. சான்றிதழ் மட்டும் வரவில்லை. "அசலெல்லாம் சேர்மன் வீட்ல பீரோல இருக்குது சார். அவர் ஊர்ல இல்ல. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ஒரு வாரத்துல பாக்கலாம்" என்றார் எழுத்தர். முதல்வரைப் பார்க்க வேண்டும் என்றேன். மீட்டிங் என்றார்கள்.

உட்கார முடியாமல் வராந்தாவுக்கு வந்தபோது "சார்" என்று ஒரு குரல். சரவணன். தவளக்குப்பத்துப் பையன், முதல் வருடமே நான் அனுப்பிய பிள்ளை, அப்போது மூன்றாம் ஆண்டு.

"எப்படிடா போகுது படிப்பு?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "சார், இங்க அந்தப் படிப்பே இல்ல சார். யுனிவர்சிட்டில அனுமதி வாங்கவே இல்லியாம். பரீட்சைக்குப் பணம் கட்டும்போதுதான் தெரிஞ்சுச்சு. எங்க எல்லார் பேரையும் வேற பிஎஸ்சில பதிஞ்சுட்டாங்க. சர்டிபிகேட்ல அதுதான் வரும்."

"எல்லார் பேரையுமா?"

"நீங்க அனுப்புன நாலு பேரும் சார்."

"ரெண்டு வருஷமா ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்க போட்டோ போட்டிருக்காங்க. உங்க பேர்ல மரம் இருக்குது. உங்ககிட்ட வந்து எப்படி சார் சொல்றது? நீங்க வருத்தப்படுவீங்க."

அன்றைக்குக் கேட்டதிலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் நம் மேல் வைத்திருக்கும் மரியாதை அப்படிப்பட்டது. அது அவர்கள் வாயை மூடிவிடும். நாம் தப்பான வழியைக் காட்டினால் அதிலேயே நடந்து போய் விழுவார்களே தவிர, திரும்பி வந்து "சார், அங்கே பள்ளம்" என்று சொல்ல மாட்டார்கள். நமக்கோ யாரும் வந்து சொல்லாததால் வழி சரி என்றே தோன்றும்.

கால் தானாக அந்தப் பலகைப் பக்கம் போனது. என் பெயர் பளிச்சென்று இருந்தது. அதற்கு ஒரு முறை பெயிண்ட் கூட அடித்திருந்தார்கள். பின்னால் ஒரு காய்ந்த குச்சி. தொட்டதுமே கையோடு வந்துவிட்டது. கறுப்புப் பை ஒரு கிழிசல் இல்லாமல் அப்படியே இருந்தது. உள்ளே வேர் சுருண்டு சுருண்டு பையின் வடிவத்திலேயே இறுகிப் போயிருந்தது. அபிராமி இதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் "உங்க பேர் போர்டு இருந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த இடத்தில் யாரும் இல்லாதிருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

மணி பன்னிரண்டே கால். முதல்வர் அறைக் கதவு மூடியே இருந்தது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நாள் வரும் என்பதால் இந்த இடத்தைச் சற்று நிறுத்திச் சொல்கிறேன். எனக்குச் சண்டை போடத் தோன்றியது. கத்த வேண்டும், போலீசுக்குப் போவேன் என்று மிரட்ட வேண்டும், அந்தக் குச்சியைக் கொண்டுபோய் முதல்வர் மேசையில் போட வேண்டும். செய்திருந்தால் மனசு ஆறியிருக்கும். ஆனால் ஆறியிருக்கக் கூடியது என் மனசுதான். நாலு மணி அங்கேயே ஆகியிருக்கும். விஜயாவின் பையில் எல்லாச் சான்றிதழுக்கும் ஜெராக்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. குச்சியைப் போட்டுவிட்டு, "கிளம்புங்கம்மா" என்றேன்.

"ஒரிஜினல் இல்லாமயா சார்?" என்றார் விஜயா.

"ஆமாம்மா. கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது." பதினோரு வருடத்தில் அந்த மேசையைச் சேர்ந்தவனாக நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கலந்தாய்வு அரங்குக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று ஆகப் பத்து நிமிடம். சரிபார்ப்பு மேசையில் ஓர் அம்மாள், என் வயதுதான் இருக்கும். ஜெராக்ஸைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அசல் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது சார். வெளிய நிக்குதே அந்தப் புள்ள, வெயிட்டிங்ல அடுத்தது அதுதான். காலைலேர்ந்து அப்பாவும் மகளுமா நிக்கிறாங்க. நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

"அசல் ஏன் இல்லைன்னு எழுதிக் குடுத்தா?"

"யாரு எழுதுவாங்க? அந்தக் காலேஜ் எழுதாது."

"நான் எழுதுறேன்."

எழுதினேன். இந்த மாணவியை இன்ன கல்லூரியில் சேரச் சொன்னவன் நான். அந்தக் கல்லூரியில் இந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரிக்காமல் சொன்னேன். அசல் சான்றிதழ்கள் அங்கே சிக்கியிருப்பதற்கு மாணவியோ பெற்றோரோ காரணம் அல்ல, தவறு முழுவதும் என்னுடையது. பெயர், பதவி, பள்ளியின் பெயர். ஒரு பக்கம்தான். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அந்த அம்மாள் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தார். "சார், இது ஃபைல்ல போயிரும். உங்க மேலயே விசாரணை வரும். ரிட்டையராக எவ்வளவு நாள் இருக்குது?"

"எட்டு மாசம்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்களேன்."

மணியைப் பார்த்தேன். மூன்று இருபது. பென்ஷனை நிறுத்தி வைத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் அலைந்த அலைச்சலும் தெரியும். பயமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். திரும்பிப் பார்த்தேன். அபிராமி நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நான் கையெழுத்துப் போடாமல் எழுந்தாலும் அந்த நாலு பேரையும் போல அவளும் குறை சொல்லமாட்டாள், "பரவால்ல சார்" என்பாள். அந்தப் "பரவால்ல சார்" என் காதில் விழுவதற்கு முன்னால் போட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடம். விஜயா என் பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் திரும்பி வந்து, "ஏழு நாள் டைம். தற்காலிகமா சீட்டு குடுக்குறோம். இங்கேர்ந்து அந்தக் காலேஜுக்கு லெட்டர் போவுது. ஏழு நாள்ல அசல் வரலன்னா ரத்து" என்றார். விஜயா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் நன்றி சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என் பேனாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "இதுக்கு முன்னாடி எத்தன பேர சார் அங்க அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"நாலு."

அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வரிசையில் இருந்த அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். வெளியே வரும்போது வாசலில் காத்திருப்புப் பட்டியலில் அடுத்திருந்த அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் சான்றிதழ் ஃபைலை மார்போடு பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்த அசலெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். அவர்களைத் தாண்டி எப்படி நடந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அரசாங்கக் கடிதம் போனதும் அசல்கள் ஐந்தாம் நாளே வந்துவிட்டன. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எழுதியதையே திரும்ப எழுதிக் கொடுத்தேன். பென்ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேசையிலிருந்து மட்டும் எடுத்தார்கள். சரியான முடிவு. நானாக இருந்தால் அதை இன்னும் முன்பே செய்திருப்பேன். அபிராமி இப்போது மலையில் இரண்டாம் ஆண்டு. நன்றாகப் படிக்கிறாள் என்று விஜயா சொல்கிறார்.

இதோடு முடித்தால் உங்களுக்கு நான் நல்லவனாகத் தெரிவேன். அந்த நாலு பேரையும் தேடிப் போனேன். மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். அதில் இரண்டு பேர் பாதியிலேயே நின்றிருந்தார்கள், ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மூன்று வீட்டிலும் எனக்குக் காபி கொடுத்தார்கள். மூன்று வீட்டிலும் "பரவால்ல சார்" என்றார்கள். சரவணன் வீட்டுக்குப் போக மட்டும் கால் வரவில்லை. கல்லூரி வராந்தாவில் அவன் குனிந்துகொண்ட தலை நினைவுக்கு வந்தால் அடுத்த வாரம் போகலாம் என்று ஆகிவிடும்.

போன மாதம் தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பின்னால் "சார்!" என்று ஒரு குரல். இப்போதெல்லாம் தெருவில் யார் "சார்" என்றாலும் எனக்கு நெஞ்சு ஒரு தரம் அடைத்துவிட்டுத்தான் திறக்கிறது. திரும்பினேன். சரவணன்தான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்.

"சேதராப்பட்டுல ஒரு கம்பெனில இருக்கேன் சார், ஸ்டோர்ல. இது எந்தங்கச்சி. ப்ளஸ் டூ முடிச்சிருக்குது. எந்த காலேஜ்ல சேக்கலாம்னு உங்கள வந்து பாக்கணும்னே இருந்தேன்."

"டேய் சரவணா, நான் சொல்லித்தானேடா ஒனக்கு இப்படி..."

"அது பரவால்ல சார்" என்றான் அவன். உண்மையாகவே சொன்னான், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "அம்மாவும் உங்களத்தான் கேக்கச் சொன்னாங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அந்தப் பெண் அதற்குள் ஒரு சின்ன நோட்டைப் பிரித்துப் பேனா மூடியைக் கழற்றியிருந்தாள். நான் சொல்லப் போகும் பெயரை எழுதிக்கொள்ளத் தயாராக, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"எழுதாதம்மா" என்றேன். "மூடி வை. நாளைக்குக் காலைல மூணு பேரும் ஒண்ணு ரெண்டு காலேஜுக்கு நேர்லயே போவோம். அங்க படிக்கிற புள்ளைங்கள மொதல்ல கேப்போம்."